பல மாதம் நின்ற பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மேட்டூர் அணை ஜூன் 12-ஐ ஒட்டித் திறக்கப்படும் வருடங்களில் காவிரி டெல்டாவில் டிராக்டர் மெக்கானிக்குகளைக் கையில் பிடிக்க முடியாது. சம்பா அறுவடை முடிந்து கொட்டகையில் ஏறிய வண்டிகள் எல்லாம் ஒரே வாரத்தில் உழவுக்கு இறங்கும். சில வண்டி சாவியைத் திருப்பியதுமே எழுந்துவிடும். சில வண்டி 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு அடங்கிப்போகும். சில வண்டியில் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது.

அப்பா ஓட்டிய வண்டியை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்கும், பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு விவசாயத்துக்குத் திரும்பியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாஸி 1035, சுவராஜ் 735, மகிந்திரா 575 மாதிரி எலக்ட்ரானிக் பெட்டி எதுவும் இல்லாத டீசல் வண்டிகளைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். பாகங்கள் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை பிஸ்டன் ஏறக்குறைய பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த அழுத்தத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பூந்தூறலாக அடித்ததும் தானாகவே தீப்பிடிக்கிறது. ஆகவே ஸ்டார்ட் ஆவதற்கு நான்கு விஷயம் வேண்டும்: இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் காற்றுக்குமிழி இல்லாமல் நாசிலுக்கு வர வேண்டும், காற்று தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், நசுக்கிய காற்று கசியாமல் நிற்க வேண்டும். கோளாறு இந்த நான்கில் எதில் இருக்கிறது என்பதைக் காதும் கண்ணுமே பெரும்பாலும் சொல்லிவிடும். அது தெரியாமல் நாசிலைக் கழற்றுவதும், பம்பைத் திறப்பதும், சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதும் சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்கும்.

முதலில் உயிர்

கியர் லீவர்கள் எல்லாம் நியூட்ரலில் இருக்கட்டும். பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) லீவரையும் விடுவித்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கிராமத்தில் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை நீங்கள் செய்யவே கூடாது. சாவியில் செல்ஃப் எடுக்காவிட்டால், கீழே நின்றுகொண்டு செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்துச் சுற்றவிடுவார்கள். கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுக்கிற சுவிட்ச் அந்த வண்டியில் இருந்தாலும், இப்படிச் செய்தால் அது பயனில்லாமல் போய்விடும். வண்டி கியரில் கிடந்து இன்ஜின் பிடித்துவிட்டால், அந்த நொடியே நகரும். ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர் நிற்கும் இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். ஒதுங்க நேரம் இருக்காது. அவசரம் எவ்வளவு இருந்தாலும் சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, சாவியால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியில் எடுக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்வதுதான் வேலை.

சாவி போடுவதற்கு முன்

நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் குச்சி. அளவு குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். அளவு ஏறியிருந்தால்தான் கவலை. முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) டயாஃப்ரமோ, டீசல் பம்ப் (நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் தள்ளும் பம்ப்) சீலோ கசிந்து டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் காரணம் கண்டுபிடித்து ஆயில் மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து சைலன்சர். வாய் மேல்நோக்கி நிற்கிற சைலன்சருக்கு மூடி இல்லாமல் வண்டி மழையில் நின்றிருந்தால், தண்ணீர் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீரை நசுக்க முடியாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் பல மாதம் நின்ற வண்டியை முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் குமிழை இழுத்து வைத்துவிட்டு, முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் நீள ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். அழுத்தம் ஏறும் இடங்களில் கனமாக இருக்கும், பிறகு இளகும், அது சரி. ஒரே இடத்தில் கல்லில் மோதிய மாதிரி நின்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நாசில்களைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எலி வயரைக் கடித்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். ஏர் கிளீனர் வாய், சைலன்சர் வாய், டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளை மூன்றும் குளவிக்குப் பிடித்த இடங்கள்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேர் தவறவிடுவது: ஸ்டாப் குமிழ். இன்ஜினை அணைக்க இழுக்கிற அந்தக் கேபிள் துருப்பிடித்து, டீசல் பம்பில் இருக்கும் லீவர் 'ஆஃப்' நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். மேலே குமிழ் உள்ளே போன மாதிரித் தெரியும், கீழே லீவர் அசைந்திருக்காது. ஒருவர் குமிழை இழுத்து விட, நீங்கள் பம்புக்குப் பக்கத்தில் இருந்து லீவர் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வரவில்லை என்றால் கேபிளுக்குள் ஆயில் விட்டு இளக்குங்கள். லீவர் இந்த நிலையில் இருக்கும்போது எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றினாலும்) இன்ஜின் பிடிக்காது.

செல்ஃப் என்ன சொல்கிறது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் பேட்டரி இறங்கிவிட்டது அல்லது டெர்மினல் விட்டுப்போயிருக்கிறது. லைட் எரிந்து, சாவியைத் திருப்பியதும் மங்கி அணைந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் பிடிப்பு மோசம். லைட் பளிச்சென்று அப்படியே எரிந்துகொண்டு செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சாவி சுவிட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச், சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), இவற்றை இணைக்கும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரிதான். 'விர்ர்' என்று செல்ஃப் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் நின்றால் பினியன் (செல்ஃபின் சின்னப் பல்சக்கரம்) ஃப்ளைவீலில் போய்க் கடிக்கவில்லை. செல்ஃபைக் கழற்ற வேண்டும். இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றினால், அந்த வேகத்தில் காற்று சூடாகாது. அந்த நிலையில் டீசல் பக்கம் போகாதீர்கள். முதலில் சுற்றும் வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டாருக்குள் ஓடுவது நூற்றுக்கணக்கான ஆம்பியர். தொடர்ந்து அடித்தால் காயில் கருகிவிடும்.

பேட்டரி டெர்மினலை வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். உண்மையான தடை உள்ளே, ஈயக் கட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவில், ஒரு கறுத்த மெல்லிய படலமாக இருக்கும். கிளாம்பைக் கழற்றி இரண்டு பக்கமும் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை தேய்க்க வேண்டும். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். மாட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். எர்த் வயர் சேஸிஸில் முறுக்கிய இடத்தையும் இதேபோல் கழற்றிப் பெயின்ட், துரு போகத் தேயுங்கள். பழைய வண்டிகளில் பேட்டரியை மாற்றி மாற்றி ஏமாறுகிறவர்கள் பலர் இந்த எர்த் முனையைத் தொட்டதே இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். சார்ஜ் போட்ட பிறகும் விழுந்தால் பேட்டரிக்கு வயது முடிந்தது. ஸ்டாப் குமிழை இழுத்து வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்; போர் தண்ணீர் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

புகையைப் பாருங்கள்

செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் தள்ளி நின்று சைலன்சர் வாயைப் பாருங்கள்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை திரளாக வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. சுற்றும் வேகம் போதவில்லை, கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைவு, நாசில் ஒழுகுகிறது, அல்லது யாரோ பம்பைக் கழற்றி மாட்டியதில் டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்) மாறியிருக்கிறது. கறுப்புப் புகையோடு இருமி இருமி நின்றால் காற்றுப் பாதையைப் பாருங்கள். நின்ற வண்டிகளில் அதிகம் பார்ப்பது முதல் வகைதான்.

டீசல் பாதையும் ஏர் எடுப்பதும்

டேங்கில் டீசல் கால்வாசியாவது இருக்கட்டும். டேங்குக்குக் கீழே குழாய் திறந்திருக்கிறதா பாருங்கள். ஃபில்டருக்கு வரும் பைப்பைக் கழற்றிப் பிடித்தால், டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் டீசல் தானாக ஒழுகி வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஓட்டம் கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் அணைகிற வண்டிக்கும் இதே காரணம் இருக்கலாம். மூடி திறந்தும் வரவில்லை என்றால் குழாயில் கசடு.

ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகை இளக்கி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். காலி டேங்கோடு நின்ற வண்டியில், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்கி இப்படிச் சேரும். தண்ணீர் தெரிந்தால் சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிடுங்கள். ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது ரப்பர் வாஷரும் புதிது போடுங்கள். பழைய வாஷர் வழியாகத்தான் மறுபடி ஏர் புகும்.

ஃபில்டரைத் திறந்தாலோ டேங்க் வற்றினாலோ பாதைக்குள் காற்று புகுந்துவிடும். இதைத்தான் 'ஏர் பிடித்துக்கொண்டது' என்கிறோம். நாசில் திறக்க மெக்கானிக் பேச்சில் 200 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அளவுக்குப் பிரஷர் வேண்டும். குழாயில் டீசல் மட்டும் இருந்தால் பம்ப் தள்ளும் தள்ளு அப்படியே நாசிலுக்குப் போகும். காற்றுக்குமிழி இருந்தால் பம்ப் அந்தக் குமிழியை நசுக்கி நசுக்கி விடும், நாசில் திறக்காது. வெளியேற்றும் முறை இது:

1. ஃபில்டர், பம்ப், பைப் முனைகள் எல்லாவற்றையும் டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். திறந்த துளைக்குள் ஒரு மணல் துகள் போனாலும் பம்பின் உள்பாகத்தில் கீறல் விழும். பஞ்சுப் பிசிறு விடும் துணி வேண்டாம்.

2. முதல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ஏர் திருகைச் சரியான ஸ்பேனர் போட்டு இரண்டு, மூன்று சுற்று இளக்குங்கள். முழுசாகக் கழற்ற வேண்டாம்.

3. ஃபீட் பம்பில் இருக்கும் கை லீவரை அல்லது குமிழைச் சீராக அடியுங்கள். லீவர் கையில் லொடலொடவென்று ஆடி எதையும் தள்ளாத மாதிரி இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே கேம் உச்சியில் நின்றிருக்கலாம். இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

4. முதலில் 'உஸ்' என்ற சத்தத்தோடு வெள்ளை நுரை பொங்கும். பிறகு டீசலும் குமிழியுமாகத் துப்பித் துப்பி வரும். நுரை நின்றதும் கையை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இன்னும் அடியுங்கள். இடையில் ஒரு குமிழிகூட இல்லாமல், கண்ணாடி மாதிரி தெளிவாக ஒரே இழையாக வழியும்போது, அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்குங்கள்.

5. இரண்டாவது ஃபில்டரில் இதையே செய்யுங்கள். பிறகு டீசல் பம்பின் உடம்பில் இருக்கும் ஏர் திருகில். பம்ப் மாடலைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். எப்போதும் டேங்க் பக்கத்திலிருந்து நாசில் பக்கமாகவே போங்கள்.

6. நாசில்களில் வந்து முடியும் பிரஷர் பைப் நட்டுகளை ஒரு சுற்று இளக்குங்கள். கை ஆக்சிலரேட்டரை முழுசாகக் கொடுத்து, ஸ்டாப் குமிழ் உள்ளே இருக்க, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்துத் துடித்துக் கசிந்ததும் நிறுத்தி எல்லாவற்றையும் இறுக்குங்கள். மீண்டும் செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் இன்ஜின் முதலில் தடுமாறி, பிறகு சீராகும். பிடித்ததும் ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

ஆறாவது படியில் கையை பைப் முனைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். நாசில் வேலை செய்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பது இன்னும் ஆபத்து. அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியில் ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

ஏர் எடுத்து ஓடிய வண்டி மறுநாள் காலை மறுபடி முரண்டு பிடித்தால், எங்கோ ஒரு இணைப்பில் காற்று புகுகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பாதையில்தான் முதலில் தேடுங்கள். இந்தப் பாதியில் பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சிந்தாமல் காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தெரியவில்லை என்பதால் நல்ல இணைப்பு என்று சொல்ல முடியாது. வெடித்த ரப்பர் ஹோஸ், நசுங்கிப்போன செம்பு வாஷர் இரண்டையும் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். விலை சொற்பம்.

எல்லாத் திருகிலும் டீசல் நன்றாக வந்து, பிரஷர் பைப்பில் மட்டும் வரவில்லை என்றால் பம்புக்குள் ராக் அல்லது பிளஞ்சர் (டீசலை அளந்து தள்ளும் பாகங்கள்) ஒட்டிப்போயிருக்கலாம். அதற்கு டீசல் பம்ப் சர்வீஸ் கடைதான் சரி. மரத்தடியில் திறக்கிற பொருள் இல்லை அது. பம்பைக் கழற்றும் முன் அதன் ஃப்ளேஞ்சிலும் இன்ஜினிலும் உள்ள குறிகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றும் கம்ப்ரஷனும்

ஆயில் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரில் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறாக இறுகியிருந்தால் கழுவி, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு.

வேகமாகச் சுற்றுகிறது, டீசல் போகிறது, காற்றும் போகிறது, வெள்ளைப் புகை மட்டும்தான் வருகிறது என்றால் கம்ப்ரஷனைச் சந்தேகிக்கலாம். போன பருவத்திலேயே காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்பட்டதா, ஆயில் குடித்ததா, பிரீதர் பைப்பில் (இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ளியதா என்று ஓட்டியவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். அதற்கு முன் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுசாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும். இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன் இந்தச் சின்ன வேலையைச் செய்து பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏர் கிளீனர் வாயில் ஈதர் ஸ்பிரே அடிப்பது, பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது இரண்டும் வேண்டாம். நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனும் ரிங்கும் உடையும். காற்றுப் பாதையில் ஹீட்டர் உள்ள வண்டியில் அங்கேயே தீப்பிடிக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுப்பதும், காரணம் தெரியாதபோது செய்யக் கூடாதது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு இழுப்பில் இன்ஜின் போய்விடும்.

பிடித்த பிறகு

ஆயில் பிரஷர் முள் சில நொடியில் ஏற வேண்டும், அல்லது விளக்கு அணைய வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். கொட்டகைக்குள் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், புகை ஆளைக் கொல்லும். ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். ஆம்பியர் முள் சார்ஜ் பக்கம் நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஃபேன் பெல்ட்டையும் டயனமோ வயரையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வயலில் அணைத்த வண்டி வயலிலேயே நின்றுவிடும். முதல் நாள் உழவு முடிந்து வந்ததும் டேங்கை நிரப்பிவிட்டு, நீங்கள் தொட்ட ஒவ்வொரு திருகையும் பைப் நட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டிய இடத்தில் செம்பு வாஷரை மாற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து நாசில் பக்கமாக மறுபடி ஏர் எடுங்கள்.